மலை தெரிந்தால் சின்ன ஏரியலே போதும்

செமோரில் அடுக்குமாடி வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கும் இளம் தம்பதியர் கேட்ட கேள்வி இது. ஆஸ்ட்ரோ சந்தாவை நிறுத்திவிட்டார்கள். உடன் தங்கியிருக்கும் மாமியாருக்குத் தமிழ்ச் செய்தி வேண்டும், அவ்வப்போது ஒரு தமிழ்ப் படமும் வேண்டும். கூரையில் ஏரியல் வைக்கக் கட்டட நிர்வாகம் விடாது. சுவரில் துளை போட வீட்டு உரிமையாளர் விடமாட்டார். இணையக் கடையில் தேடினால் வீட்டுக்குள் வைக்கும் ஏரியல்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. பதினைந்து வெள்ளிக்கும் இருக்கிறது, நூற்றைம்பது வெள்ளிக்கும் இருக்கிறது. எதை வாங்குவது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலிவானதை வாங்குங்கள். மிச்சமாகும் காசில் ஐந்து மீட்டர் நல்ல கேபிள் வாங்குங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை மாலையை ஒதுக்கி, அந்த ஏரியல் வீட்டுக்குள் எங்கே உட்கார வேண்டும் என்று தேடுங்கள். செமோர் வட்டாரத்தில் ஒளிபரப்பு அலைக்குப் பஞ்சம் கிடையாது. அந்த அலை வீட்டுக்குள் வருவதற்கு வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஈப்போவுக்கு மேற்கே, மெங்லெம்பு பக்கம், சுமார் 800 மீட்டர் உயரத்தில் கிளேடாங் மலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையேறப் போகிறவர்கள் உச்சியிலுள்ள கோபுரங்களை அருகிலேயே பார்த்திருப்பார்கள். கிந்தா பள்ளத்தாக்குக்குத் தொலைக்காட்சி வருவது அங்கிருந்துதான். செமோரிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் இருபது கிலோமீட்டருக்குள் வந்துவிடும். திசை தென்மேற்கு. தானா ஹீத்தாம், கந்தான், கிளேபாங் என்று எங்கே இருந்தாலும் மாலையில் சூரியன் இறங்கும் பக்கம் திரும்பி நின்று, கொஞ்சம் இடப்புறமாகப் பாருங்கள். மேல்மாடியில் மறைப்பு இல்லாத சன்னல் இருந்தால் மலையே கண்ணுக்குத் தெரியும். மலை தெரிந்தால் அலை வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒளி போகும் பாதையில்தான் இந்த அலையும் பெரும்பாலும் போகிறது.

ஏரியல் என்றதும் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நினைவில் வருவது மூங்கில் கழியில் கட்டிய மீன்முள் போன்ற சட்டம். ஒருவர் வெளியே நின்று கழியைத் திருப்புவார், உள்ளே இருப்பவர் "போதும், போதும், ஐயோ போயிருச்சு" என்று கத்துவார். கார் பேட்டரியில் ஓடிய கறுப்பு வெள்ளைப் பெட்டி அது. 1963 டிசம்பர் 28-ஆம் நாள் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது. வண்ணம் வர 1978 ஆனது. அந்த நாளைய வி.எச்.எஃப். அலைகள் நீளமானவை. அலையின் பாதி நீளத்துக்குக் கம்பி இருந்தால்தான் ஏரியல் நன்றாகப் பிடிக்கும் என்பது விதி. அந்தக் கணக்கில் முக்கால் மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டர் வரைக்கும் கம்பி தேவைப்பட்டது. அதனால்தான் கூரையேறினோம்.

அந்தக் காலம் 2019-இல் முடிந்துபோனது. ஜூலை 21-ஆம் நாள் லங்காவியில் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தத் தொடங்கினார்கள். அக்டோபர் 31-க்குள் நாடு முழுவதும் நிறுத்திவிட்டார்கள். இப்போது வருவது மைடிவி நிறுவனம் கொண்டுசேர்க்கும் டிஜிட்டல் ஒளிபரப்பு. தொழில்நுட்பத்தின் பெயர் டிவிபி-டி2. இது முழுக்க யு.எச்.எஃப். அலைவரிசையில், 470 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, 700-க்குள் வருகிறது. பாதி அலை நீளம் 22 சென்டிமீட்டரிலிருந்து 32 சென்டிமீட்டர் வரை. நம் கையளவில் சொன்னால் ஒரு சாணிலிருந்து ஒன்றரைச் சாண். அவ்வளவுதான் கம்பி. நாட்காட்டித் தாள் அளவில் ஒரு பிளாஸ்டிக் தகடு சன்னலில் ஒட்டிக்கொண்டு படம் காட்டுவது மாயம் ஒன்றுமில்லை, அந்தத் தகட்டுக்குள் ஒரு சாண் செப்பு இருக்கிறது.

இந்த ஒரு கணக்கு தெரிந்தால் இணையக் கடை விளம்பரங்களில் பாதியைத் தள்ளிவிடலாம். நீண்ட இரண்டு கொம்புகள் முளைத்த ஏரியல் அமெரிக்கச் சந்தைக்காகச் செய்தது. அங்கே வி.எச்.எஃப். ஒளிபரப்பு இன்னும் இருக்கிறது. நமக்கு அந்தக் கொம்புகள் அலங்காரம். "4கே ஏரியல்" என்று போட்டிருப்பார்கள். ஏரியலுக்குப் படத்தின் தரம் தெரியாது. வரும் அலையைப் பிடித்துக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. நம் இலவச ஒளிபரப்பும் எச்.டி. தரத்தைத் தாண்டுவதில்லை. "300 மைல் தூரம் பிடிக்கும்" என்பது இன்னும் பெரிய கதை. பூமி உருண்டை. 800 மீட்டர் உயரத்து மலையிலிருந்து புறப்படும் அலை சுமார் 115 கிலோமீட்டரில் தொடுவானத்தைத் தொட்டுவிடும். அதற்கு அப்பால் தரையில் இருப்பவர் எவ்வளவு பணம் கொடுத்து ஏரியல் வாங்கினாலும் பிடிப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றுமிருக்காது. 300 மைல் என்றால் 480 கிலோமீட்டர். ஈப்போவிலிருந்து சிங்கப்பூருக்கே கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான்.

அடுத்தது பூஸ்டர். கேபிளில் சின்னப் பெட்டி ஒன்று தொங்கும், யு.எஸ்.பி. முனையில் மின்சாரம் எடுக்கும். தொலைவில் இருப்பவர்களுக்கும், ஒரே ஏரியலிலிருந்து மூன்று அறைக்குப் பிரித்துக்கொடுப்பவர்களுக்கும் அது உதவும். கோபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதுவே வினையாகும். ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று கத்தினால் என்ன ஆகும்? சத்தம் பெரிதாகும், சொல் புரியாது. டிகோடருக்கும் அப்படித்தான். மெங்லெம்பு, லாஹாட் போல மலையடிவாரத்தில் இருப்பவர்கள் பூஸ்டரைக் கழற்றியதும் படம் சீரானால் வியப்பதற்கில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அனலாக் போனதால் காலியான 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை கைப்பேசிச் சேவைக்குக் கொடுக்கப்பட்டது. மலிவான பூஸ்டர்கள் பழைய அளவில், 860 வரைக்கும் எல்லாவற்றையும் பெருக்கும்படி செய்யப்பட்டவை. உங்கள் கட்டடத்துக்கு எதிரே கைப்பேசிக் கோபுரம் இருந்தால், பூஸ்டர் அதையும் சேர்த்துப் பெருக்கி டிகோடரின் காதில் ஊதும். செமோரில் இருப்பவர்கள் முதலில் பூஸ்டர் இல்லாமல் முயலுங்கள். போதவில்லை என்று தெரிந்த பிறகு யோசிக்கலாம்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. டிகோடரின் அமைப்புப் பட்டியலில் ஏரியலுக்கு 5 வோல்ட் மின்சாரம் அனுப்பும் வசதி இருக்கும். பூஸ்டர் இல்லாத ஏரியலுக்கு அதை அணைத்தே வையுங்கள். சில ஏரியல்களின் உள்ளே கம்பி வளைந்து ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். மின்சாரம் போனால் டிகோடர் "ஷார்ட்" என்று எழுத்துக் காட்டும், வீட்டில் உள்ளவர்கள் பெட்டியே கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவார்கள்.

என் பெரியம்மா ரப்பர் மரம் சீவிய கையோடு ஓய்வு பெற்றவர். தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு இப்போது மூன்றாவது மாடியில் குறைந்த விலை அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். பிஆர்1எம் உதவித்தொகை பெற்ற குடும்பங்களுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த டிகோடர் அவருக்கும் வந்திருந்தது. அலமாரியில் பிளாஸ்டிக் பையோடு கிடந்தது. போன ஆண்டு மகன் ஆஸ்ட்ரோவை நிறுத்தியபோதுதான் அதை வெளியே எடுத்தார்கள். கூடத்தில் டிவிக்குப் பின்னால் தகடு ஏரியலை ஒட்டியிருந்தார்கள். இரண்டு சேனல் வந்தது, அதுவும் விட்டு விட்டு. "தம்பி, இதுக்குப் பேசாம மாசம் காச கட்டிடலாம்னு தோணுது" என்றார்.

கூடத்துச் சன்னல் கிழக்கே பார்த்தது. அந்தப் பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள். மலை இருப்பது வீட்டின் பின்பக்கம், சமையலறைப் பக்கம். கூடத்துக்கும் மலைக்கும் நடுவே இரும்புக் கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் சுவர்கள் மூன்று. ஏரியலைக் கழற்றி, நீண்ட கேபிளோடு துணி காயப்போடும் பின்பக்கத்துக்குக் கொண்டுபோனேன். டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியம்மா, "நில்லு நில்லு, அங்கயே நில்லு" என்றார். துணிக்கொடிக்குப் பக்கத்தில், தலைக்கு மேலே ஒரு கை உயரத்தில், இரட்டைப் பக்க ஒட்டு நாடாவால் ஒட்டினேன். எல்லாச் சேனல்களும் வந்தன. ஏரியல் அதேதான், இடம் மட்டும் மாறியது. கேபிளைக் கதவு நிலையை ஒட்டி விளிம்போடு கொண்டுவந்து டிவியில் செருகினோம்.

இடம் தேடும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். டிஜிட்டலில் படம் அரைகுறையாகத் தெரியாது. அனலாக் காலத்தில் புள்ளி புள்ளியாக, இரட்டை முகமாக என்றாலும் ஏதோ ஒன்று தெரியும், அதைப் பார்த்தே திருப்பலாம். இப்போது வந்தால் முழுதாக வரும், இல்லையென்றால் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோகும். ஆகவே படத்தைப் பார்த்துத் தேடாதீர்கள். டிகோடர் பட்டியலில் சேனல் தேடும் பக்கத்துக்குப் போனால் இரண்டு கோடுகள் தெரியும். ஒன்று ஸ்ட்ரெங்த், வரும் அலையின் வலு. இன்னொன்று குவாலிட்டி, அலையின் சுத்தம். பலரும் முதல் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நமக்கு வேண்டியது இரண்டாவது. வலு அறுபதில் இருந்து சுத்தம் தொண்ணூறில் இருந்தால் மழையோ காற்றோ படம் நிற்கும். வலு நூறைத் தொட்டுச் சுத்தம் நாற்பதில் தள்ளாடினால் பூஸ்டரைக் கழற்றுங்கள், அல்லது இடத்தை மாற்றுங்கள். ஓர் அடி நகர்த்துங்கள், பத்து விநாடி காத்திருங்கள், பிறகு பாருங்கள். கோடு உடனே நகராது. அவசரப்பட்டால் நல்ல இடத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள். கையில் பிடித்திருக்கும்போது நன்றாக வந்து, விட்டதும் போய்விடுகிறதா? உங்கள் உடம்பும் அந்த நேரத்தில் ஏரியலின் ஒரு பகுதியாக இருந்திருக்கிறது. ஒட்டிவிட்டு விலகி நின்று பார்ப்பதுதான் கணக்கு.

நம் வீடுகளுக்கே உரிய தடை ஒன்று உண்டு, சன்னலின் இரும்பு கிரில். திருட்டுக்குப் பயந்து மூன்றாவது மாடியிலும் போட்டிருப்போம். கிரிலின் கம்பிகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பாருங்கள். படுக்கைவாட்டில் ஆடிக்கொண்டு வரும் அலையைப் படுக்கைக் கம்பிகள்தாம் அதிகம் தடுக்கும், செங்குத்துக் கம்பிகள் ஓரளவு விட்டுவிடும். அலை செங்குத்தாக வந்தால் இது தலைகீழ். உங்கள் பக்கம் எப்படி வருகிறது என்று அறிய இன்னொருவர் கூரையைப் பார்த்தால் போதும். பக்கத்துத் தாமானில் உள்ள ஏரியல்களின் குறுக்குக் கம்பிகள் தரைக்கு இணையாகப் படுத்திருந்தால் அலையும் படுக்கை. உங்கள் ஏரியலையும் அதேபோல வையுங்கள். தகடு ஏரியலில் உள்ளே கம்பி எப்படி ஓடுகிறதென்று தெரியாது. ஆகவே ஒரே இடத்தில் நேராக ஒருமுறை, கால் சுற்றுத் திருப்பி ஒருமுறை பார்த்துவிடுங்கள். பூவும் கொடியுமாக வளைத்த கிரில் என்றால் எல்லாப் பக்கமும் கொஞ்சம் தடுக்கும். கிரிலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே தகட்டைச் செருகி வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலுக்காகக் கண்ணாடியில் ஒட்டிய கறுப்புத் தாள் உலோகப் பூச்சு கொண்டதாக இருந்தால் அந்தச் சன்னலை மறந்துவிட்டு அடுத்த சன்னலுக்குப் போங்கள்.

மலைப்பக்கம் சன்னலே இல்லாத வீடும் உண்டு. நடைபாதையின் இருபக்கமும் வீடுகள் வரிசையாக இருக்கும் கட்டடத்தில் பாதிப் பேருக்கு அதுதான் நிலைமை. அப்போதும் கைவிட வேண்டாம். செமோர் வட்டாரத்தில் கந்தான் குன்று உட்படச் சுண்ணாம்புப் பாறைகள் செங்குத்தாக நிற்கின்றன. மலையிலிருந்து வரும் அலை எதிர்க்கட்டடத்திலோ பாறையிலோ பட்டுத் திரும்பி வருவதுண்டு. அனலாக் காலத்தில் இந்த எதிரொலிதான் இரட்டை முகத்தைக் காட்டி உயிரை வாங்கியது. டிவிபி-டி2 முறையில் எதிரொலிக்கு இடம் விட்டே அனுப்புகிறார்கள். கொஞ்சம் பிந்தி வரும் அலையும் கெடுதல் செய்யாது, நேர் அலை இல்லாத இடத்தில் அதையே வைத்துப் படம் எடுத்துக்கொள்ளவும் முடியும். இப்படிப்பட்ட வீட்டுக்குத் தகடு போதாமல் போகலாம். சின்னத் தாங்கியில் நிற்கும் லாக் பீரியாடிக் வகை ஏரியல் வாங்குங்கள். முக்கோணமாக, ஒரு பக்கம் நீண்ட கம்பியும் மறுபக்கம் குட்டைக் கம்பியுமாக இருக்கும். குட்டைக் கம்பி முனைதான் அலை வரும் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி வைத்துவிட்டு "இதுவும் சரியில்லை" என்று கடைக்குத் திரும்பக் கொண்டுபோகிறவர்கள் நிறைய.

வாங்கும்போது கேபிள் முனையையும் கவனியுங்கள். நம் நாட்டு டிவிகளிலும் டிகோடர்களிலும் ஏரியல் முனை செருகும் வகை. இணையத்தில் வரும் பலவற்றில் திருகி மாட்டும் முனை இருக்கும். மாற்றுமுனை மின்சாதனக் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும், ஆனால் அதற்காக இன்னொரு தடவை ஈப்போவுக்கு வண்டி எடுக்க வேண்டியிருக்கும். டிவி அண்மையில் வாங்கியதா? டிவிபி-டி2 உள்ளேயே இருக்கும், தனி டிகோடர் தேவையில்லை. பழைய டிவி என்றால் டிகோடர் வேண்டும். அலமாரியில் இலவச டிகோடர் கிடக்கிறதா என்று அம்மாவிடமோ அத்தையிடமோ முதலில் கேளுங்கள்.

இனி, என்ன கிடைக்கும் என்ற கேள்வி. இதை மறைத்துவிட்டு ஏரியல் வாங்கச் சொல்வது நியாயமில்லை. ஆர்.டி.எம்.மின் டிவி2-இல் தமிழ்ச் செய்தி, தமிழ் நிகழ்ச்சிகள், படங்கள். பெர்னாமா டிவியில் தமிழ்ச் செய்தி. ரேடியோ வரிசையில் மின்னல் பண்பலை. மற்றபடி டிவி1, டிவி3, 8டிவி, டிவி9, டிவி அல்ஹிஜ்ரா, பிள்ளைகளின் பாடத்துக்கு டிடிக் டிவி. வானவில், விண்மீன் எல்லாம் ஆஸ்ட்ரோவின் சேனல்கள், எந்த ஏரியலிலும் வராது. நாள்தோறும் தொடர் நாடகம் பார்க்கும் பெரியவர் வீட்டில் இருந்தால், சந்தாவை நிறுத்துவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கணக்குப் பார்த்து மிச்சப்படுத்துவது நாம், மாலைப் பொழுதை இழப்பது அவர். என்னைக் கேட்டால், இலவச ஒளிபரப்பில் தமிழுக்குக் கொடுத்திருக்கும் நேரம் போதாது என்பதே என் கருத்து. ஆனாலும் அந்த நேரம் நாட்டுச் செய்தியை நம் மொழியில் காசில்லாமல் சொல்கிறது. தாத்தா பாட்டிக்குக் கைப்பேசியில் யூடியூப் போட்டுக்கொடுத்துவிட்டு வேலைக்குப் போனால், டேட்டா தீர்ந்த மாதக் கடைசியில் அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது சுழலும் வட்டத்தை.

மழைப் பொழுது இன்னொரு காரணம். கிந்தாவில் மாலை இடியோடு மழை கொட்டும்போது ஆஸ்ட்ரோ நின்றுபோவது எல்லா வீட்டிலும் பழகிய கதை. விண்கோளிலிருந்து வரும் அந்த அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான், கனமழை அதை விழுங்கிவிடும். கிளேடாங்கிலிருந்து வரும் அலை அதைவிடப் பல மடங்கு நீளமானது, மழைத்துளியைப் பொருட்படுத்தாது. வீட்டுக்குள் இருக்கும் ஏரியலுக்குக் கூரை ஏரியல் அளவுக்கு இடிமின்னல் பயமும் கிடையாது. இருந்தாலும் பக்கத்தில் இடி விழும்போது டிவியின் மின்செருகியைப் பிடுங்கிவிடுவது நல்லது, ஏனென்றால் மின்கம்பி வழியாக வரும் மின்னலை எந்த ஏரியலும் தடுக்காது.

எல்லாம் சரியாக வைத்த பிறகும் ஒருநாள் ஒரு சேனல் காணாமல் போகலாம். ஏரியலைத் தொடாதீர்கள். ஒளிபரப்பில் சேனல் வரிசையை அவ்வப்போது மாற்றுகிறார்கள். 2021-இல் என்டிவி7 இருந்த இடத்தில்தான் டிடிக் டிவி வந்தது. டிகோடரில் மறுதேடல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மூன்று நிமிட வேலை. அதற்குப் பிறகும் வரவில்லையென்றால் பின்பக்கம் போய் ஏரியல் மேல் யாராவது ஈரத் துண்டைக் காயப்போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பெரியம்மா வீட்டில் இரண்டு தடவை அதுதான் காரணம்.